மண்ணில் முதிரும் நஞ்சு

போர் முடிந்த நாள்களை வரலாற்று நூல்கள் தவறாமல் குறித்து வைத்திருக்கின்றன. முதல் உலகப் போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் 1945ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஓய்ந்தது. மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், ஆசிரியரும் மதிப்பெண் இடுகிறார். ஆனால் அப்போர்களுக்காக வெடிமருந்து காய்ச்சிய இடங்களிலே, குண்டுகளைக் கழுவிய இடங்களிலே, உள்ள மண்ணுக்குப் போர் எந்நாளில் ஓய்ந்தது என்று வினவினால், விடை கூறுவது எளிதன்று.

நாட்பட்ட சரக்கு வீரியம் குன்றும் என்பது நம்மவர் நம்பிக்கை. மண்ணில் விழுந்த நஞ்சும் மழையிலும் வெயிலிலும் கிடந்து தானே தணிந்துவிடும் என்று நினைப்பது இயல்பே. அது பல நஞ்சுகளுக்கு மெய்யாகவும் இருக்கிறது. ஆயினும் நாட்பட நாட்படக் கடுமை ஏறும் பொருள்களும் உலகில் உண்டு. நாட்பட்ட தேறலின் கடுப்புக்குத் தேள் கொட்டுவதை உவமை கூறிய சங்கப் புலவர் இதனை அறிந்தவர். வெடிமருந்து கலந்த மண் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடிய கதையையே இன்று கூற எண்ணுகிறேன். விடையை இறுதியில் எடுத்துரைத்தவை இரசாயன சாலையின் கண்ணாடிக் குப்பிகள் அல்ல, புழுக்கள்.

டி.என்.டி. என்று உலகம் சுருக்கி அழைக்கும் டிரைநைட்ரோ டொலுவீன் பிறந்தபோது அதற்குப் போரோடு உறவில்லை. 1863ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஜோசப் வில்பிராண்ட் அதனை முதன்முதல் ஆக்கினார். நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்களை வடித்தெடுத்த காலம் அது. வெளிர்மஞ்சள் படிகமாகிய இப்பொருளும் ஒரு மஞ்சள் சாயமாகவே கருதப்பெற்றது. அதன் வெடிக்கும் ஆற்றலை உலகம் உணர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. அதற்குக் காரணமும் உண்டு. அதனை வெடிக்கச் செய்வது அத்துணைக் கடினம். சுத்தியால் தட்டினாலும் சாதாரணமாக வெடிக்காது. சிறிதளவைத் தீயிலிட்டால் புகைந்து எரியுமேயன்றி வெடிக்காது. தூண்டுவெடி ஒன்று உள்ளிருந்து அதிர்ச்சி கொடுத்தாலன்றி அதன் சீற்றம் வெளிப்படாது.

படைக்கலம் செய்வோர் விரும்பியது இந்தப் பொறுமையைத்தான். மேலும் அது 80 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் மெழுகைப் போல் உருகுகிறது. கொதிநீர் ஆவியைக் கொண்டே அதனை உருக்கலாம். பாகைப் போல் பீரங்கிக் குண்டுக்குள் வார்க்கலாம். ஆறியதும் அது இறுகிவிடும். 1902ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை தன் பீரங்கிக் குண்டுகளில் இதனை நிரப்பத் தொடங்கியது. மற்ற நாடுகளும் பின்பற்றின. முதல் உலகப் போர் மூண்டபோது சாயப் பொருளாகப் பிறந்த டி.என்.டி. ஆயிரக்கணக்கான டன் அளவில் காய்ச்சப்பட்டது.

அக்காலத்து இங்கிலாந்தில் ஆடவர் போர்முனைக்குச் செல்ல, வெடிமருந்துச் சாலைகளில் பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். சில வாரங்களில் அவர்தம் கைகளும் முகமும் மஞ்சள் நிறம் கொண்டன. தலைமயிர் செம்மஞ்சளாக மாறியது. மக்கள் அவர்களைக் கனேரிப் பறவைகள் என்று செல்லமாக அழைத்தார்கள். அந்தச் செல்லப் பெயருக்கு அடியில் ஒரு துயரம் இருந்தது. தோலின் மஞ்சள் வெறும் கறைதான். வேலையை விட்டால் மங்கிவிடும். ஆனால் சிலருக்கு ஈரல் கெட்டுக் காமாலை கண்டது. 1916ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் நஞ்சுக் காமாலையைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. போர் முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர்.

டி.என்.டி. நஞ்சு என்பதை உலகம் இவ்வாறு மனித உடலின் வாயிலாகக் கற்றுக்கொண்டது. அதே பொருள் மண்ணின் உடலில் புகுந்தால் யாது நிகழும் என்று கேட்பார் அப்போது எவருமிலர். கேட்காமல் விட்டதன் விளைவு அடுத்த போரில் பன்மடங்காகப் பெருகியது.

மண்ணில் வெடிமருந்து சேர்ந்தது பெரும்பாலும் குண்டு வெடித்ததால் அன்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். செவ்வையாக வெடித்த குண்டு தன் மருந்தை ஏறக்குறைய முழுதும் எரித்துவிடுகிறது. அரைகுறையாக வெடித்தவையும், வெடிக்காமல் புதைந்து உறை துருப்பிடித்தவையும் மண்ணைக் கெடுக்கின்றன. இவற்றினும் பெரிய கேடு தொழிற்சாலைகளில் விளைந்தது. உருக்கி வார்க்கும்போது சிந்தியதைக் கழுவ வேண்டும். தரையையும் கலங்களையும் கழுவ வேண்டும். பழைய குண்டுகளிலிருந்து மருந்தை வெந்நீர் பாய்ச்சி அகற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் டி.என்.டி. கரையும். இது சொற்ப அளவே. ஆனால் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான லிட்டர் கழிவுநீர் பள்ளங்களிலும் திறந்த குட்டைகளிலும் விடப்பட்டது. வெயில் பட்டதும் அந்நீர் இளஞ்சிவப்பாக மாறும். பார்வைக்கு அழகான நிறந்தான். நீர் மண்ணில் இறங்கும், மருந்து தங்கிவிடும்.

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஆலெண்டோர்ஃப் என்றொரு சிற்றூர் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் அதனை அடுத்த காட்டுக்குள் இரண்டு பெரிய வெடிமருந்துச் சாலைகளை எழுப்பினார்கள். விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாதிருக்கக் கட்டடங்களின் கூரைமேல் மண் பரப்பிச் செடியும் மரமும் வளர்த்தார்கள். பல நாட்டவர் அங்கே கட்டாய வேலை செய்தனர். 1944ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் சிறைமுகாமிலிருந்து ஆயிரம் யூதப் பெண்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் ஹங்கேரி நாட்டவர். குண்டுகளில் மருந்து நிரப்பும் வேலையில் அவர்களை ஏவினார்கள். இங்கிலாந்துப் பெண்களின் தோலில் ஏறிய அதே மஞ்சள் இவர்கள் தோலிலும் ஏறியது; ஆனால் இவர்களைச் செல்லப் பெயரிட்டு அழைக்க ஒருவரும் இல்லை.

போர் முடிந்தது. கிழக்கிலிருந்து வீடிழந்து வந்த ஜெர்மானியக் குடும்பங்கள் அந்த வெற்றுக் கட்டடங்களில் குடியேறின. சிறு தொழில்கள் தோன்றின, தெருக்கள் தோன்றின, வீட்டுத் தோட்டங்கள் தோன்றின. 1960ஆம் ஆண்டில் அவ்வூர் நகரம் என்ற தகுதி பெற்றது. இன்று அதன் பெயர் ஸ்டாட்டலெண்டோர்ஃப். காலடி மண்ணில் டி.என்.டி. இருந்தது. மண்ணை ஆராய்ந்து, கெட்ட பகுதிகளைத் தோண்டியெடுத்துத் தூய்மை செய்யும் பெரும்பணி 1990ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டு 2005ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. சாலைகள் மூடப்பட்டு அரை நூற்றாண்டு சென்ற பின்னும் மஞ்சள் மருந்து மண்ணை விட்டுப் போய்விடவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இல்லினாய் மாநிலத்து ஜோலியட் படைக்கலச் சாலை இரண்டாம் உலகப் போரில் பெருமளவு டி.என்.டி. காய்ச்சியது. ஆரிகன் மாநிலத்து உமட்டில்லாக் கிடங்கில் 1950ஆம் ஆண்டுகள் முதல் 1965 வரை குண்டு கழுவிய நீரை அடித்தளமிடாத இரண்டு குட்டைகளில் விட்டார்கள். அக்காலத்தில் அது எல்லோரும் கைக்கொண்ட முறையே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் மேற்செல்ல முடியாது. பிரான்சு நாட்டு வெர்டன் போர்க்களத்தின் அருகில் ஒரு காட்டில், முதல் உலகப் போரில் எஞ்சிய நச்சுவாயுக் குண்டுகள் இரண்டு லட்சத்தை 1920ஆம் ஆண்டுகளில் எரித்தார்கள். எரித்த திடலில் இன்றும் ஒரு பகுதியில் புல்லும் சரிவர முளைப்பதில்லை. 2007ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அங்கே மேல்மண்ணில் சில இடங்களில் நூற்றுக்குப் பதினேழு பங்கு வரை ஆர்சனிக் இருப்பதாகக் கண்டது. ஆர்சனிக் ஒரு தனிமம். தனிமத்தை எந்த நுண்ணுயிரும் உண்டு செரித்து இல்லாமற் செய்ய முடியாது. ஆகவே அங்கே காலத்துக்கு வேலையே இல்லை. டி.என்.டி.யோ கரியும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடிய சேர்க்கைப் பொருள்; அது மாறக்கூடியது. மாறக்கூடிய பொருள் எதுவாக மாறுகிறது என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது.

இனி, புழுக்கள் எவ்வாறு நீதிபதிகள் ஆயின என்பதைப் பார்ப்போம்.

மண்புழுவை அறிவுலகின் அவைக்கு அழைத்து வந்தவர் சார்லஸ் டார்வின். அவர் தம் வாழ்நாளின் இறுதியில், 1881ஆம் ஆண்டில், வெளியிட்ட நூல் மண்புழுக்களைப் பற்றியதே. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மிகுதியான மண் புழுக்களின் உடல் வழியே சென்று வெளிவருகிறது என்று அவர் கணக்கிட்டார். அவர் செய்த சோதனைகளுள் ஒன்று என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது. 1842ஆம் ஆண்டு டிசம்பரில் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணாம்புக் கல் துண்டுகளைப் பரப்பி வைத்தார். பிறகு காத்திருந்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், அங்கே குழி வெட்டிப் பார்த்தார். புழுக்கள் மேலே கொணர்ந்து குவித்த மண்ணுக்கு அடியில், ஏழு அங்குல ஆழத்தில், வெள்ளைக் கோடாக அத்துண்டுகள் கிடந்தன. ஒரு சோதனையின் முடிவைக் காண 29 ஆண்டுகள் பொறுத்த மனிதர் அவர். மண் நூலில் காலமும் ஒரு கருவி என்பதை அந்த வெள்ளைக் கோடு காட்டிற்று.

மண்புழு தன் ஈரத்தோலாலேயே மூச்சு விடுகிறது, மண்ணையே தின்கிறது. ஆகவே மண்ணிலுள்ள நஞ்சு அதற்கு வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் சேர்கிறது. இதைக் கருதியே, பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் கூட்டமைப்பு 1984ஆம் ஆண்டில் மண்புழுச் சோதனை ஒன்றை உலகப் பொதுமுறையாக வகுத்தது. எருக்குழிகளில் வாழும் ஐசீனியா என்னும் மண்புழு அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. எல்லா நாட்டிலும் ஒரே வகை மண் கிடைக்காதாகையால், 70 பங்கு மணல், 20 பங்கு வெண்களிமண், 10 பங்கு மக்கிய பாசிக்கரி சேர்த்துச் செயற்கை மண் ஒன்றைப் பிசைந்தார்கள். அதில் நஞ்சைக் கலந்து, புழுவை விட்டு, இரண்டு வாரத்தில் எத்தனை மாண்டன என்று எண்ணுவார்கள்.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. செத்த புழுவை எண்ணுவது முதற்குறை. ஒரு புழு சாகாமலே மலடாகலாம். அப்போது இன்று உயிரோடிருக்கும் கூட்டம் அடுத்த ஆண்டில் இராது. இக்குறையைப் பின்வந்தோர் போக்கினர். வில்லைப் போன்ற வாலால் துள்ளித் தாவும் கடுகளவுப் பூச்சியாகிய கொலெம்போலாவையும், மண்புழுவின் தாயாதியாகிய என்கிட்ரேயிட் என்னும் நூல் போன்ற வெண்புழுவையும் சோதனைக்குக் கொண்டுவந்தனர். நான்கு வாரம் கழித்து எத்தனை குஞ்சுகள் பிறந்தன என்று எண்ணும் முறையும் வந்தது. சென்டிமீட்டர் அளவேயுள்ள அவ்வெண்புழுக்கள் இலைச்சருகை மக்கச் செய்வதில் பெரும்பங்கு கொள்கின்றன. சருகு மக்காவிடில் காட்டுக்கு எரு ஏது?

இரண்டாவது குறை நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. சோதனைச் சாலையில் நஞ்சைக் கலந்த மறுநாளே புழுவை விட்டார்கள். வெளியே இயற்கை நிலத்தில் இருக்கும் நஞ்சோ பத்து, இருபது, ஐம்பது ஆண்டு வயதானது. புது நஞ்சைக் கொண்டு பழைய நஞ்சை மதிப்பிடலாமா?

கூடாது என்று 1990ஆம் ஆண்டுகளில் வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் அலெக்சாண்டர். அவர் கருத்தை விளக்க நம் வீட்டு மண்சட்டி ஒன்றே போதும். புதுச் சட்டியில் எண்ணெய் ஊற்றி உடனே துடைத்தால் துணியில் எண்ணெய் வரும். அதையே ஒரு மாதம் எண்ணெயில் ஊறவிட்டுப் பிறகு துடைத்துப் பாருங்கள். எண்ணெய் சட்டியின் உடலுக்குள் புகுந்துவிட்டது, துணிக்கு எட்டாது. எண்ணெய் அழியவில்லை, அகப்படவில்லை. மண்ணின் நுண்ணிய துளைகளுக்குள்ளும் மக்கின் மடிப்புகளுக்குள்ளும் நஞ்சு இவ்வாறே காலப்போக்கில் ஒளிந்துகொள்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்த டி.டி.டி.யையும் டீல்டிரினையும், புதிதாகக் கலந்தவற்றைக் காட்டிலும் குறைவாகவே மண்புழுக்கள் உட்கொண்டன என்று அவரும் துணைவரும் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இரசாயனப் பகுப்பு மண்ணைக் கடுமையான கரைப்பானால் கழுவி முழு நஞ்சையும் எண்ணிவிடுகிறது. புழுவுக்கு எட்டுவது அதில் ஒரு பங்குதான். ஆகவே பழைய மண்ணின் தீங்கை நாம் மிகைபடக் கணக்கிடுகிறோம் என்பது அவர் வாதம்.

நல்ல வாதம். மண்ணைத் தூய்மை செய்யும் செலவை ஏற்க வேண்டிய அரசாங்கங்களுக்கும் தொழில் அதிபர்களுக்கும் இனித்த வாதமுங்கூட. இனித்த காரணத்தால் அது பொய்யாகிவிடாது. ஆனால் எல்லா நஞ்சுக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எட்ஜ்வுட் என்னுமிடத்தில் படைத்துறையின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே ரோமன் கூப்பர்மனும் அவருடைய துணைவர்களும் இச்சோதனையைச் செய்தார்கள். செயற்கை மண்ணை அவர்கள் விரும்பவில்லை. அதிலுள்ள பத்துப் பங்கு பாசிக்கரி நஞ்சைப் பற்றிக்கொண்டு தீமையை மறைத்துவிடும். அதற்கு மாறாக, அம்மாநிலத்திற்கே உரிய சாசஃப்ராஸ் என்னும் மணற்பாங்கான வண்டலைத் தேர்ந்தார்கள். அதில் மக்கும் களிமண்ணும் குறைவு. அம்மண்ணில் டி.என்.டி.யைப் பல அளவுகளில் கலந்தார்கள். ஒரு பங்கில் உடனே வெண்புழுக்களை விட்டார்கள். மற்றொரு பங்கைத் திறந்த கலங்களில் கண்ணாடிக் கூரையுள்ள பயிர்மனையில் வைத்து, நனைப்பதும் உலர விடுவதுமாக, வெயில் படும்படி ஏறக்குறைய மூன்று மாதம் முதிரச் செய்தார்கள். பிறகே புழுக்களை விட்டார்கள்.

முதிர்ந்த மண்ணைப் பகுத்துப் பார்த்தபோது டி.என்.டி.யின் அளவு குறைந்திருந்தது. இது எதிர்பார்த்ததே. மருந்து குறைந்தால் கேடும் குறைய வேண்டுமல்லவா? 2005ஆம் ஆண்டில் வெளியான முடிவு அதற்கு மாறாக இருந்தது. முதிர்ந்த மண்ணில் வெண்புழுக்களின் குஞ்சுகள் முன்னினும் குறைந்தன. புது மண்ணில் ஒரு குறித்த கேட்டை விளைக்கத் தேவைப்பட்ட அளவைக் காட்டிலும், முதிர்ந்த மண்ணில் அதே கேட்டை விளைக்கச் சிறிய அளவே போதுமானதாயிற்று. மருந்து தேய்ந்தது, நஞ்சு வளர்ந்தது.

இஃது எங்ஙனம்? விடை டி.என்.டி.யின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆறு கரியணுக்கள் கைகோத்த ஒரு வளையம். அதன்மேல் மூன்று நைட்ரோ தொகுதிகள், கோட்டைச் சுவரின்மேல் மூன்று காவலரைப் போல் நிற்கின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வளையத்தை உடைத்து உண்ண முடிவதில்லை, காவலர் விடுவதில்லை. ஆகவே அவை காவலர்களையே ஒவ்வொருவராக மாற்றுகின்றன. ஒரு நைட்ரோ தொகுதியிலிருந்த ஆக்ஸிஜனை நீக்கி ஹைட்ரஜனைச் சேர்த்தால் அது அமினோ தொகுதி ஆகிறது. வளையம் அப்படியே இருக்கிறது. பெயர் மட்டும் மாறி அமினோ டைநைட்ரோ டொலுவீன் ஆகிறது. பகுப்பாய்வுக் கருவி டி.என்.டி.யைத் தேடுகிறது; காணவில்லை என்கிறது. புழுவோ புதுப் பெயருள்ள பொருளைச் சந்திக்கிறது. இந்த முதற்படி அமைன்கள் மண்புழுவுக்கு ஏறக்குறைய டி.என்.டி.யை ஒத்த நஞ்சு என்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். இரண்டு காவலர்களும் மாறி டைஅமினோ நிலைக்கு வந்த பிறகே கொடுமை தணிகிறது. இஃதன்றி, வெயில் பட்ட டி.என்.டி. டிரைநைட்ரோ பென்சீனாகவும் மாறுகிறது. மூன்று காவலரும் குறையாமல் நிற்கும் அதுவும் கொடிய நஞ்சே.

இங்கிலாந்துப் பெண்களின் உடலில் நிகழ்ந்ததும் இதற்கு உறவான மாற்றமே. ஈரலும் நைட்ரோ தொகுதிகளை அமினோத் தொகுதிகளாகவே மாற்றுகிறது. நஞ்சைக் கையாளும் முயற்சியில் இடைவழியில் தோன்றும் பொருள்கள் உயிருக்குத் தீங்கு செய்கின்றன. ஈரலுக்கும் மண்ணுக்கும் இந்த ஒற்றுமை வியப்புக்குரியது.

அப்படியானால் அலெக்சாண்டரின் கொள்கை தவறா? தவறன்று. அமினோத் தொகுதிக்கு ஒரு குணம் உண்டு. அது மக்கோடு வலுவாகப் பிணைந்துகொள்கிறது. மக்கு மிகுந்த மண்ணில், போதிய காலம் சென்றால், அமைன்கள் மக்கின் உடலோடு உடலாகி, கரைப்பானுக்கும் அகப்படாமல், புழுவுக்கும் எட்டாமல் போகின்றன. எண்ணெய் சட்டிக்குள் ஒளிவதைவிட உறுதியான பிணைப்பு இது. மக்கு குறைந்த மணல் மண்ணில் பிணைக்க ஆள் இல்லை. அங்கே இடைநிலைப் பொருள்கள் திரிந்துகொண்டேயிருக்கும். ஆக, முதிர்ச்சி என்பது ஒரே திசையில் செல்லும் சாலை அன்று. முதலில் கடுமை ஏறலாம், பின்னர் இறங்கலாம், எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பதை மண்ணின் இயல்பும் வெயிலும் ஈரமும் தீர்மானிக்கின்றன. பயிர்களைக் கொண்டு செய்த இத்தகைய சோதனைகளிலும் எல்லா வெடிமருந்துக்கும் ஒரே விடை வரவில்லை.

இயற்கை நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே டி.என்.டி. மாவாகக் கலந்திருப்பதில்லை, பட்டாணியளவும் கையளவும் உள்ள கட்டிகளாகவும் கிடக்கும். கட்டியின் மேற்புறம் வெயிலில் பழுப்பாகும். உள்ளே மஞ்சள் அன்று வார்த்தபடியே இருக்கும். ஒவ்வொரு மழையிலும் சிறிதே கரையும். அம்மண்ணுக்கு வயது எண்பது என்று நாம் கணக்கிட்டாலும், நேற்றைய மழையில் கரைந்த நஞ்சுக்கு வயது ஒரு நாள்தான்.

ஆர்.டி.எக்ஸ். என்னும் மற்றொரு வெடிமருந்தின் கதை வேறு. 1898ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹென்னிங் என்பவர் பெற்ற உரிமைப் பட்டயத்தில் அது மருந்துப் பொருளாகவே இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளில் ஏறியது. அது மண்ணோடு ஒட்டுவதில்லை. வெண்புழுவை மிகுந்த அளவிலும் கொல்வதில்லை. ஆனால் மண்புழுவின் முட்டைக்கூடுகளைக் குறைக்கிறது. மண்ணில் முதிரவும் அது தங்குவதில்லை, மழையோடு இறங்கி நிலத்தடி நீரை அடைகிறது. அமெரிக்காவின் கேப் காட் தீபகற்பத்தில் பீரங்கிப் பயிற்சித் திடலுக்கு அடியிலுள்ள நீரே மக்கள் குடிக்கும் நீர். அதில் ஆர்.டி.எக்ஸ். கலந்தது கண்டு, 1997ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அங்கே குண்டுப் பயிற்சியை நிறுத்த ஆணையிட்டது. மண் வயதாகித் தூய்மையாயிற்று என்று தோன்றும்போது கிணறு கெட்டிருக்கலாம்.

காலத்தை நம்பிக் காத்திராமல் அதனை விரைவுபடுத்திய முயற்சியும் உண்டு. முன்னே கூறிய உமட்டில்லாவில் 1990ஆம் ஆண்டுகளின் இடையில், கெட்ட மண்ணைத் தோண்டி, மாட்டெருவும் உருளைக்கிழங்குக் கழிவும் குதிரைமசால் தழையும் மரத்தூளும் கலந்து அம்பாரமாகக் குவித்தார்கள். நம் உழவர் எருக்குழியில் செய்வதுதான். குவியல் உள்ளே கொதித்தது. 50 டிகிரிக்கு மேல் சூடேறியது. நுண்ணுயிர்கள் பெருகி நைட்ரோ தொகுதிகளை மாற்ற, பக்கத்திலேயே ஏராளமான மக்கு காத்திருந்து அமைன்களைப் பிணைத்துக்கொண்டது. மணல் மண்ணில் பல்லாண்டுகளில் நிகழாதது சில வாரங்களில் நிகழ்ந்தது. குறியிட்ட கதிரியக்கக் கரியணுவைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். டி.என்.டி.யின் கரி காற்றோடு கரியமில வாயுவாகப் போனது மிகச் சிறிய பங்கே; பெரும்பங்கு மக்கோடு பிணைந்து அங்கேயே இருக்கிறது. அப்பிணைப்பு நூறாண்டு நிற்குமா, மக்கு மேலும் மக்கும்போது அவிழுமா என்ற கேள்வியை மண்நூலார் இன்னும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மண்ணுயிர்களுக்கான தாங்கும் அளவுகளை வகுக்க முற்பட்டபோது, புதிதாகக் கலந்த மண்ணில் செய்த சோதனைகளைக் காட்டிலும் முதிரவிட்ட மண்ணில் செய்த சோதனைகளுக்கே மிகுந்த மதிப்புக் கொடுத்தது. எட்ஜ்வுட் ஆராய்ச்சிகள் அதற்காகவே செய்யப்பட்டவை. வெண்புழு எழுதிய விடைத்தாள் இவ்வாறு அரசாங்கத்தின் மேசைக்குச் சென்றது.

ஜோலியட் சாலையின் நிலத்தில் பெரும்பகுதி 1996ஆம் ஆண்டில் மிடேவின் என்ற பெயருடன் தேசியப் புல்வெளியாக அறிவிக்கப்பட்டது. வெடிமருந்து கலந்திருந்த பகுதிகளின் மண்ணைத் தோண்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு பக்குவம் செய்தார்கள். உயரமான பழைய புல்வகைகளை விதையிட்டு வளர்த்தார்கள். 2015ஆம் ஆண்டில் அங்கே காட்டெருமைக் கூட்டம் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். டி.என்.டி.யை அடுக்கி வைத்திருந்த நிலவறைகள் பல, மண்மூடிய மேடுகளாக, வரிசை வரிசையாக இன்றும் அங்கே நிற்கின்றன. அவற்றின்மேல் புல் வளர்ந்திருக்கிறது.